நிலைமாற்ற அறிவிப்பும் மௌனத்தின் பொருளும்: திருமங்கலம் வழி மணிமண்டப மரபை முன்வைத்து

முன்னுரை

கணினி இயக்க முறைமையில் ஒரு சேவை இயங்குவதும், நிற்பதும், பழுதுறுவதும் அதன் நிலைகள். நிலை மாறும் கணத்தைத் தொலைவில் உள்ளவருக்குத் தெரிவிப்பது அறிவிப்பு. ஓயாமல் வினவுவதைவிட, மாற்றம் நேரும்போது மட்டும் செய்தி அனுப்புவது சிக்கனமானது. இவ்வடிவமைப்பின் முன்வடிவம் ஒன்றைத் திருமங்கலம் வழியின் மணிமண்டப மரபில் காணலாம்.

மரபும் சான்றும்

திருமலை நாயக்கர் (1623–1659), திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்த பின்னரே மதுரையில் உணவு கொண்டார் என்றும், அச்செய்தியை ஓசைவழிக் கடத்தச் சாலைநெடுக மண்டபங்கள் எழுப்பினார் என்றும் வாய்மொழி மரபு கூறுகிறது. கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியே மதுரையை அடைவது இச்சாலை. இதையொத்த செய்தி திருச்செந்தூர், பாஞ்சாலங்குறிச்சியை இணைத்துக் கட்டபொம்மனுக்கும் வழங்குகிறது. எனவே இது இடம்பெயரும் கதைக்கூறாகவும் இருக்கலாம். சாலையோரக் கல்மண்டபங்கள் வழிப்போக்கர் தங்குவதற்கும் பயன்பட்டன. ஆதலால் மண்டபம் இருப்பது மட்டுமே மணி ஒலித்ததற்குச் சான்றாகாது.

காலக் கணக்கு

மரபு கூறுவது இயலக்கூடியதா என்பதைக் கணக்கிட்டு அறியலாம். இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலிக்கு இத்தொலைவு 220 நொடி. 3 கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் எனவும், இடையிலுள்ள 24 காவலர் ஒவ்வொருவரும் 5 நொடி தாழ்த்தனர் எனவும் கொண்டால் மேலும் 120 நொடி. மொத்தம் ஆறு நிமிடத்திற்கும் குறைவு. அதாவது கால் நாழிகைக்குள் செய்தி எட்டிவிடும். ஆயின் 3 கிலோமீட்டர் கேட்க அமைதியான வெளியும் பெருமணியோ முரசோ வேண்டும்.

மௌனத்தின் பொருள்

இவ்வமைப்பின் குறை விரைவில் இல்லை. ஒரு காவலர் உறங்கினாலும் தொடர் அறும். அப்போது மதுரையில் நிலவும் மௌனம், பூசை முடியவில்லை என்பதையும் தொடர் அறுந்தது என்பதையும் ஒன்றாகவே காட்டும். 1876இல் திருமங்கலம் வழியாக அமைந்த மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை போன்ற தடங்களில் வளர்ந்த தொகுதி முறை இதற்கு விடை கண்டது. அடுத்த நிலையத்தின் இசைவு கிடைக்கும்வரை வண்டி புறப்படாது. அங்கு மௌனம் என்றால் தடை. லினக்ஸின் சிஸ்டம்டியிலும், கண்காணிப்புக் கால எல்லை குறிக்கப்பட்ட சேவை அதற்குள் உயிர்ப்புச் செய்தி அனுப்பாவிடில் பழுதுற்றதாகக் கொள்ளப்படுகிறது.

முடிவுரை

மண்டபங்களின் இடைத்தொலைவு ஒலியெல்லைக்குள் சீராக அமைந்து, விதானங்களில் மணி தொங்கவிட்ட தடயமும் காணப்பட்டால் மரபு வலுப்பெறும். நீர்நிலைகளையும் ஊர்களையும் ஒட்டியே அமைந்திருப்பின் வழிப்போக்கர் மண்டபம் என்பதே பொருந்தும். சாலை விரிவாக்கத்தில் ஒரு மண்டபம் மறைந்தாலும் இவ்வளவீடு குறையுடையதாகும். ஆகவே எஞ்சியவற்றின் இருப்பிடத்தையும் இடைத்தொலைவையும் உடனே பதிவுசெய்வது ஆய்வின் முதற்கடமை.