கம்பவுண்டர் நிறுத்துக் கொடுத்த மருந்து

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தோட்டக் காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள் நீங்கள். முன்காலத்தில் நாய்க்கு மருந்து எப்படிக் கிடைத்தது தெரியுமா?

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அந்தக் காலத்து கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டு எழுதுவார். கம்பவுண்டர் தராசில் நிறுத்து, கல்வத்தில் அரைத்துக் கலந்து கொடுப்பார். நாடாப்புழுவுக்கு நம்ம கொட்டைப்பாக்குத் தூளே மருந்து. கிரெயின் என்ற பழைய எடைப்படி, நாயின் எடையில் பவுண்டுக்கு 2 கிரெயின். 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ நாய்க்கு 100 கிரெயின். ஏறக்குறைய ஆறரை கிராம்.

ஆனால் பாக்குக்குப் பாக்கு வீரியம் மாறும். கொஞ்சம் கூடிப்போனால் நாய் வாந்தியெடுத்துச் சுருண்டுவிடும். அதனால்தான் 1970-களில் பிராசிகுவான்டல் வந்த பிறகு பாக்குத் தூள் ஒதுங்கியது. இன்று அரசு கால்நடை மருந்தகங்களுக்கான மருந்துகளை, 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொள்முதல் செய்து அனுப்புகிறது. கலக்கிற வேலை கம்பெனிக்குப் போய்விட்டது.

தராசு போனாலும் எடைக் கணக்கு போகவில்லை. 25 கிலோ நாய்க்குரிய புழு மருந்தில் 5 கிலோ குட்டிக்கு ஐந்தில் ஒரு பங்குதான். வீட்டில் கிடக்கும் மாத்திரையைக் கை மதிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபன் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரல் போய்விடும். பாக்கையும் இடித்துப் பார்க்க வேண்டாம்.

நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் நில்லுங்கள். உங்கள் எடையைக் கழியுங்கள். அந்தக் கணக்கோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.