வீட்டு ஈரப்பதம் குறைத்தல்

வீட்டு ஈரப்பதம் குறைத்தல் என்பது வீட்டின் உட்காற்றில் மிகுந்துள்ள நீராவியை வெளியேற்றுதல் அல்லது அது சேராமல் தடுத்தல் ஆகும். உட்காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு வரை இருப்பது உகந்ததாகக் கருதப்படுகின்றது. அது 60 விழுக்காட்டைக் கடந்து நீடித்தால் சுவர், துணி, நூல்கள் ஆகியவற்றில் பூஞ்சணம் வளரும். பூஞ்சணம் ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தீங்கானது.

காரணங்கள்

சமைத்தல், குளித்தல், அறைக்குள் துணி உலர்த்துதல் ஆகியன நீராவியைச் சேர்க்கின்றன. 1 கிலோகிராம் சமையல் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீர் உண்டாகின்றது. கூரை ஒழுக்கு, குழாய்க் கசிவு, நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம் ஆகியனவும் காரணங்களாகும்.

முறைகள்

- காற்றோட்டம்: சமையலறையிலும் குளியலறையிலும் வெளியேற்று விசிறி அமைக்கலாம். வெளிக்காற்றில் நீராவி குறைவாக இருந்தால் மட்டுமே சன்னலைத் திறப்பது பயன் தரும். சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் குளிரூட்டிய அறையின் சன்னலை மழைக்காலத்தில் திறந்தால் ஈரம் கூடும்.
- குளிர்வித்தல்: காற்று பனிநிலைக்குக் கீழ் குளிரும்போது நீராவி நீராகப் படிகின்றது. குளிர்சாதனக் கருவியும் ஈரப்பதம் நீக்கியும் இவ்வாறே இயங்குகின்றன. 1902 இல் வில்லிஸ் கேரியர், புரூக்ளின் அச்சகம் ஒன்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தவே தமது குளிர்சாதன அமைப்பை வடிவமைத்தார்.
- உறிஞ்சிகள்: அலமாரி, பெட்டி போன்ற சிறிய இடங்களுக்கு ஏற்றவை. சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். கால்சியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சி நீர்மமாகும். அதனைச் சிறுவர்களுக்கு எட்டாதவாறு வைத்தல் வேண்டும்.

கசிவைச் சீர்செய்யாமல் சுவருக்கு வண்ணம் பூசுவதால் பூஞ்சணம் நீங்காது.