வலுவிழந்த சிறார் கல்வி: இரத்மலானையிலிருந்து சண்டிலிப்பாய் வரை

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குச் சென்ற பிள்ளைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1816 இல் தெல்லிப்பழையில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய பணி, 1823 இல் எழுந்த வட்டுக்கோட்டைச் செமினரி, அடுத்த ஆண்டின் உடுவில் மகளிர் பாடசாலை, இவற்றுக்கு விடையாக 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை என்பன அவ்வரலாற்றின் மைல்கற்கள். மானிப்பாயிலிருந்து காரைநகர் செல்லும் வீதியில், இம்முயற்சிகளின் நடுவே அமைந்த ஊர் சண்டிலிப்பாய். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய கல்வளைப் பிள்ளையார் கோயில் கொண்டிருக்கும் ஊரும் அதுவே. புலமையையும் பள்ளியையும் ஒருங்கே போற்றிய இச்சூழலிலே, பார்வையற்ற பிள்ளைக்கும் செவிகேளாத பிள்ளைக்கும் உரியதென ஒரு வாங்கு நெடுங்காலம் எப்பள்ளியிலும் போடப்பட்டதில்லை.

அப்பிள்ளைகள் எங்கே இருந்தனர் என வினவின், வீட்டினுள்ளே இருந்தனர் என்பதே விடை. ஊனத்தை முற்பிறப்பு வினையின் பயனாகக் கருதிய நம்பிக்கை ஒரு புறம். மூத்த பெண்ணுக்குக் கலியாணம் பேசிவரும் வேளையிலே இளையவளின் குறை வெளித்தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டில் இரண்டாவதே வலியது எனலாம். வினைக் கொள்கைக்கு விளக்கம் கூறிச் சமாதானம் அடைய முடியும். சீதனமும் சாதகமும் பார்க்கும் சமூகத்தின் முன் அவ்வாறு இயலாது. அன்பில்லாத பெற்றோர் மட்டுமே பிள்ளையை மறைத்தனர் என்று கொள்வது பிழையாகும். அன்புடையோரும் மறைத்தனர்.

தமிழ் வழங்கும் நிலத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கெனப் பள்ளி முதலில் எழுந்தது கடலுக்கு அப்பால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கோட்டையிலே, பார்வையற்றோருக்கு அஸ்க்வித் அம்மையாரும் செவிகேளாதோருக்கு புளோறன்ஸ் சுவெயின்சன் அம்மையாரும் கல்வி புகட்டத் தொடங்கினர். இலங்கையில் அப்பணி 1912 இல் மேரி சப்மன் அம்மையாரால் தொடங்கப்பெற்று இரத்மலானையில் நிலைகொண்டது. நாடு முழுவதற்கும் அதுவே பள்ளி. குடாநாட்டுப் பிள்ளை ஒன்று கற்க வேண்டுமாயின் இருநூற்றைம்பது மைல் கடந்து விடுதியில் வாழ வேண்டும். தவணை முடிவில் மட்டுமே தாயைக் காணலாம். ஐந்து வயதுப் பிள்ளையை அத்துணைத் தூரம் அனுப்பத் துணிந்தோர் எத்தனை பேர் இருந்திருக்கக் கூடும்? 1939 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் விசேட பாடசாலைகளுக்கு அரச உதவி பெறும் வழியை அமைத்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் நீங்கியது, தூரம் நீங்கவில்லை.

அத்தூரத்தைக் குறைத்தது கைதடி. இரத்மலானைப் பள்ளியின் கிளையாகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென நவீல்ட் பாடசாலை அங்கு நிறுவப்பட்ட ஆண்டு 1956. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே யாழ்தேவி ஓடத் தொடங்கியதும், சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில் என்பதை நோக்கின், வழி நெருங்கிய ஆண்டிலேயே மொழி விலகியது என்பது புலனாகும். பள்ளி தாங்கிய பெயரும் சுவையானது. நவீல்ட் பிரபு என்பார் மொறிஸ் கார்களைச் செய்த வில்லியம் மொறிஸ். போர்க்காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடி யாழ்ப்பாணத்தாரைத் தாங்கிய மொறிஸ் மைனரை அறியாதார் குடாநாட்டில் இலர். அதைச் செய்தவரின் பெயரே கைதடிப் பள்ளியிலும் வழங்குவதை அறிந்தோர் சிலரே. இளம்பிள்ளைவாதத்தால் மூச்சு விடவியலாதோருக்கு உதவும் இரும்புச் சுவாசப் பெட்டிகளைத் தம் தொழிற்சாலையிலேயே செய்வித்து, 1938 இன் இறுதி முதல் பிரித்தானியப் பேரரசின் மருத்துவமனைகளுக்கு இலவசமாக வழங்கியவரும் அவரே.

கைதடியில் நிகழ்ந்த கல்வியின் உயிர்நாடி பிரெயில் எழுத்து. ஆறு புள்ளிகளின் கூட்டால் அமைந்த இம்முறையை இந்திய மொழிகளுக்கு ஏற்றபோது, முன்னர் பகுதிக்கொரு முறையாகச் சிதறிக் கிடந்தது. 1951 இல் யுனெஸ்கோவின் முயற்சியால் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. அதன் பயனாகக் கைதடிப் பிள்ளையும் பாளையங்கோட்டைப் பிள்ளையும் ஒரே புள்ளிகளைத் தடவி ஒரே தமிழை வாசிக்க முடிந்தது. இம்முறையிலே உயிர்க்குறி மெய்க்குப் பின்னரே வரும். அச்சுத் தமிழில் ‘கொ’ என்று எழுதும்போது கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்க, விரலால் வாசிக்கும் தமிழில் ககரமும் ஒகரமும் ஒலிக்கும் வரிசையிலேயே நிற்கின்றன. இவ்வகையில் அது தமிழ் ஒலியமைப்புக்கு அச்செழுத்தினும் நெருங்கியது எனலாம்.

செவிகேளாதார் கல்வி இவ்வளவு நேரிய பாதையில் செல்லவில்லை. 1880 இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை விலக்கி உதட்டசைவு நோக்கிப் பேசப் பயிற்றும் முறையையே வகுத்தது; அதன் நிழல் ஆசியப் பள்ளிகளிலும் நெடுங்காலம் வீழ்ந்திருந்தது. ஆனால் செவிகேளாப் பிள்ளைகள் பலர் ஒரு விடுதியில் வாழும்போது, வகுப்பில் கைகள் கட்டப்பட்டிருந்தாலும் முற்றத்தில் அவை பேசவே செய்யும் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. விசேட பள்ளி இவர்களுக்குப் பாடத்தை மட்டும் தரவில்லை. பேசுதற்கு ஒரு கூட்டத்தையும் தந்தது. உட்படுத்தல் கல்வியை ஆதரிப்போர் விசேட பள்ளியைப் பிரிவினையின் சின்னமாக மட்டும் காணும்போது இதனை மறந்துவிடுகின்றனர்.

1960களின் இறுதியில் பார்வையற்ற பிள்ளைகளைப் பொதுப் பாடசாலைகளில் சேர்க்கும் முயற்சியைக் கல்வி அமைச்சு தொடங்கியது. தாமே பார்வையற்றவரான ரியன்சி அழகியவன்ன அதில் முன்னின்றார். குடாநாட்டிலே இக்கொள்கைக்கு ஒரு நடைமுறை வடிவம் தந்த நிறுவனமாகச் சுன்னாகம் வாழ்வகத்தைக் கூறலாம். 1980களின் பிற்பகுதியில் எழுந்த அவ்வில்லத்தில் பார்வையற்ற பிள்ளைகள் தங்கி, அண்மையிலுள்ள பொதுப் பாடசாலைகளில் ஏனைய பிள்ளைகளோடு கற்றனர். இல்லம் பிரெயிலைத் தந்தது. பாடசாலை தோழரைத் தந்தது. உள வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கெனக் கோண்டாவிலில் சிவபூமி பாடசாலை ஆறு. திருமுருகனால் தொடங்கப்பட்டது 2004 இலேதான். இத்தகைய பிள்ளைகளைச் சமூகம் கணக்கில் எடுக்க ஏனையோரிலும் நெடுங்காலம் சென்றது.

இதனிடையே போர் ஊனத்தின் தன்மையையே மாற்றிற்று. முன்னைய தலைமுறையில் கால் சூம்பியவர் பெரும்பாலும் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டோர். 1962 இன் தொற்றில் மட்டும் இலங்கையில் 1,810 பேர் பாதிக்கப்பட்டனர். தடுப்பு மருந்து அதனை ஒடுக்கியது. நாட்டின் இறுதி நோயாளி காணப்பட்டது 1993 இல். 1995 இல் சொட்டு மருந்து வழங்குதற்காகவே போரிட்ட இரு தரப்பும் அமைதி நாள்களுக்கு இணங்கின. ஒரு நோய் இவ்வாறு நீங்க, மிதிவெடியும் எறிகணையும் புதிய ஊனத்தை விளைத்தன. 1987 இல் நிறுவப்பட்ட யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையத்தின் பணி இவ்விடத்திலேயே உணரத்தக்கது. இந்தியாவின் ஜெய்ப்பூரில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் 1960களின் இறுதியில் ஆக்கிய இறப்பர்ப் பாதம், செருப்பின்றி நடக்கவும் சேற்று வயலில் இறங்கவும் குந்தி இருக்கவும் இடந்தருவது. மேனாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்கும் நாற்காலிக்கும் உரியது. இது கோயில் வீதிக்கும் திண்ணைக்கும் உரியது.

ஆயினும் வளர்ந்தவருக்கு இல்லாத இடர் ஒன்று பிள்ளைக்கு உண்டு. பிள்ளை வளரும், செயற்கைக் கால் வளராது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கால் வேண்டும். இடையே பொருத்துதலும் திருத்துதலும் வேண்டும். பட்டறை எட்டாத் தொலைவில் இருப்பின், குட்டையான காலோடு நொண்டுவதிலும் பார்க்கப் பிள்ளை பள்ளியை விட்டுவிடும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலம் கடந்தபோது, நடக்கவியலாதவரைச் சைக்கிளிலும் தோளிலும் சுமந்தே கொண்டு சென்றனர். மக்கள் மீண்டது 1996 ஏப்ரலுக்குப் பின்.

புனர்வாழ்வை நிறுவனத்திலிருந்து ஊருக்குக் கொண்டுவரும் சிந்தனையை உலக சுகாதார நிறுவனம் அல்மா ஆட்டா மாநாட்டுக்குப் பின் வளர்த்தது. 1979 இல் அது வெளியிட்ட பயிற்சி நூலைக் களத்தில் சோதித்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அந்நூல் குடும்பத்தவரையே பயிற்றுநராகக் கொண்டது. தாயே பிள்ளையை நிமிர்த்தி இருத்தவும், அயலவரே நடைச் சட்டம் செய்யவும் கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. இன்று வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகம் அமைந்திருப்பது சண்டிலிப்பாயில். வலிகாமம் கல்வி வலயத்தின் கோட்டம் ஒன்றும் அவ்வூரின் பெயரையே தாங்குகின்றது. உதவிப் பணமும் பாடசாலை அனுமதியும் பேசப்படும் அலுவலகங்கள் பிள்ளையின் படலைக்கு இவ்வளவு அண்மையில் முன்னொருபோதும் இருந்ததில்லை.

சட்டமும் குறைவுபடவில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. ஐந்து முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என 1997 இல் விதிக்கப்பட்டுப் பின் 2016 இல் அது பதினாறாக உயர்ந்தது. அதே ஆண்டில் ஐ. நா. உடன்படிக்கையை இலங்கை ஏற்றுறுதி செய்தது. ஆனால் சட்டம் அனுமதிக்கும் பிள்ளையை வகுப்பில் வைத்துக் கற்பிப்பவர் ஆசிரியர். பிரெயில் அறியாத ஆசிரியரிடம் பார்வையற்ற பிள்ளையும், சைகை அறியாத முப்பது தோழரிடையே செவிகேளாப் பிள்ளை ஒன்றும் அமர்த்தப்படின், வீட்டின் உள்ளறை வகுப்பறைக்கு இடம் மாறியது என்றே கொள்ள வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்கு ஊர்ப்பள்ளியும் வாழ்வகம் போன்ற துணையும் பொருந்தும். செவிகேளாப் பிள்ளைக்குத் தன் போன்ற பிள்ளைகள் உள்ள பள்ளியே, தொடக்க ஆண்டுகளிலேனும், மொழி தரும் இடம். ஆதலின் கைதடியை மூடிச் சண்டிலிப்பாயைத் திறத்தல் இயலாது. கைதடி ஆசிரியரின் அறிவு சண்டிலிப்பாய்க்கு வர வேண்டும்.

சிறு செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. மாரி வெள்ளம் புகாதிருக்கக் குடாநாட்டின் பழைய பள்ளிக் கட்டடங்கள் உயர்ந்த அத்திவாரத்தின் மேல் எழுப்பப்பட்டவை. வகுப்பறைக்குள் புகச் சில படிகள் ஏற வேண்டும். 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் வேண்டும் என்றன. சாய்தளம் கட்டச் சில மூடை சீமெந்து போதும். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் வாயில் கொண்ட மலசலகூடம் பற்றி அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் எழும் பேச்சுக் குறைவு. காலையில் சாய்தளத்தால் ஏறிவந்த பிள்ளை பள்ளி விடும் வரை தண்ணீர் குடியாது இருக்கும்.