ஊட்டி உருளைக்கிழங்கும் ஒரு பிடி மண்ணும்

ஊட்டி உருளைக்கிழங்கைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். "ஊட்டிக் கிழங்கு" என்று சொல்லிவிட்டால் போதும், கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடக் கேட்டாலும் பேரம் பேசாமல் வாங்குகிறோம். மேலே மண் அப்பியிருந்தால்தான் அசல் ஊட்டிக் கிழங்கு என்று நம்புகிறவர்களும் நிறையப் பேர். அப்படி அப்பியிருக்கும் மண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த மண்ணைச் சுற்றி பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, நெதர்லாந்து, தென் அமெரிக்கா என்று பாதி உலகம் வந்து போயிருக்கிறது!

1961-ல் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஊட்டிக்கு வந்தார். ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். 1843-ல் தொடங்கிய அந்த நிலையம், மண்ணையும் பயிரையும் விடாமல் ஆராய்வதில் உலகத்திலேயே மூத்த இடங்களில் ஒன்று. ஊட்டியை ஒட்டிய விஜயநகரம் பண்ணையின் உருளைக்கிழங்கு மண்ணில் ஜோன்ஸ் ஒரு பூச்சியைக் கண்டுபிடித்தார். இல்லை, பூச்சி என்பது தவறு. அது நூற்புழு. முழுப் பெயர் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு, செல்லப் பெயர் தங்க நூற்புழு. அதற்கு முன் இந்தியாவில் அது இருப்பது யாருக்கும் தெரியாது.

தங்கம் என்ற பெயர் எப்படி வந்தது? பெண் புழு உருளைக்கிழங்கின் வேரில் ஒட்டிக்கொண்டு சாறு குடித்து உருண்டையாக வீங்கும். முதலில் வெள்ளை, பிறகு பொன் மஞ்சள், கடைசியில் பழுப்பு. பழுப்பாகும்போது புழு செத்துவிடும். ஆனால் அதன் தோல் இறுகிக் கெட்டியான கூடாக மாறும். குண்டூசித் தலையை விடச் சிறிய அந்தக் கூட்டுக்குள் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். அம்மாவின் உடம்பே குழந்தைகளுக்குப் பெட்டகம்!

அந்தப் பெட்டகம் மண்ணில் 20 வருடம் கூடக் கிடக்கும். மழை, வெயில், பனி எதுவும் அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பக்கத்தில் ஒரு உருளைக்கிழங்குச் செடி வேர் விட்டால் போதும், வேரில் இருந்து கசியும் ரசாயனம் முட்டைகளைத் தட்டி எழுப்பிவிடும். குட்டிப் புழுக்கள் வேரைத் தேடிப் போகும். மேலே பார்ப்பவருக்கு வயலில் அங்கங்கே செடி குட்டையாக நிற்பதும், நடுப்பகலில் வாடுவதும், தோண்டினால் கிழங்கு கோலிக்குண்டு அளவில் இருப்பதும்தான் தெரியும். உரம் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு மூட்டை உரம் போடுவார். பாவம், வேறென்ன செய்வார்?

இது இந்த ஊர்ப் புழு இல்லை. பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. உருளைக்கிழங்கு பிறந்ததும் அங்கேதான். கிழங்கோடு ஐரோப்பாவுக்குப் போன இந்தப் புழுவை 1923-ல் ஜெர்மனியின் ராஸ்டாக் நகரத்தின் பெயரால் தனி இனமாக விவரித்தார்கள். 1941-ல் நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் தென்பட்டது. அமெரிக்கர்கள் பயந்துபோய் 1948-ல் இந்த ஒரு புழுவுக்காகவே ஒரு சட்டம் போட்டார்கள். "தங்க நூற்புழு" என்ற பெயர் பரவியதும் அங்கிருந்துதான்.

நீலகிரிக்கு எப்படி வந்தது? கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் குடியேறியபோது ஐரோப்பியக் காய்கறிகளையும் கொண்டு வந்தார். அவற்றில் உருளைக்கிழங்கும் ஒன்று. அதைப் படகர்கள் கைப்பற்றிக்கொண்டு, ஹட்டிகளைச் சுற்றியுள்ள சரிவுகளிலும் கேத்திப் பள்ளத்தாக்கிலும் தங்கள் பயிராகவே ஆக்கிக்கொண்டார்கள். விதைக்கிழங்கு பல காலம் பிரிட்டனில் இருந்து கப்பலில் வந்தது. நீலகிரியில் நெடுநாள் கொடிகட்டிப் பறந்த 'கிரேட் ஸ்காட்' ரகத்தின் பெயரே அதன் ஊரைச் சொல்கிறது. அந்த விதைக்கிழங்கின் மண்ணில் ஒட்டிக்கொண்டுதான் புழுவும் வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. ஒரு ஆங்கிலேயர் கொண்டு வந்த பயிர், பிரிட்டிஷ் விதையில் வந்த புழு, அதைக் கண்டுபிடிக்க இன்னொரு ஆங்கிலேயர்... வேடிக்கைதான்.

ஜோன்ஸ் கண்டுபிடித்த பிறகு விஷயம் சூடு பிடித்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் 1963-ல் தங்க நூற்புழுத் திட்டம் தொடங்கியது. மலை முழுக்க வயல் வயலாக மண் எடுத்துச் சோதித்தார்கள். சோதனை முறை ரொம்ப எளிது. மண்ணைக் காயவைத்துத் தண்ணீரில் கலக்கினால் காய்ந்த கூடுகள் மிதக்கும். சல்லடையில் பிடித்து உருப்பெருக்கியில் எண்ண வேண்டியதுதான்.

மருந்துக்கும் மாற்றுப்பயிருக்கும் உலகம் அதற்குள் நிறைய யோசனைகள் சேர்த்து வைத்திருந்தது. ஆனால் அந்த யோசனைகள் எல்லாம் வேறு ஊருக்கானவை. ஐரோப்பாவில் வருடத்துக்கு ஒரு தடவைதான் உருளைக்கிழங்கு. நிலமும் பெரிது. நாலைந்து வருடம் கிழங்கு போடாமல் கோதுமையோ புல்லோ போட்டால் புழு குறையும், விவசாயிக்கும் பெரிய நஷ்டமில்லை. நீலகிரியில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று போகம். குளிரும் வெயிலும் அளவாக இருப்பதால் ஒவ்வொரு போகத்திலும் புழு ஒரு தலைமுறை பெருகிவிடும். நிலமோ ஒரு ஏக்கர், அரை ஏக்கர். அதை வைத்துக்கொண்டு நாலு வருடம் கிழங்கே போடாதே என்றால் அவர் என்ன சாப்பிடுவார்? கேரட், முள்ளங்கி, பூண்டு, முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று மாற்றிப் போடச் சொன்னார்கள். அது ஓரளவு எடுபட்டது. உருளைக்கிழங்கு இல்லாத வருடத்தில் முட்டைகளில் ஒரு பகுதி தானாகவே பொரிந்து, உணவில்லாமல் செத்துப்போகும். மீதி காத்திருக்கும்.

மருந்தும் வந்தது. பிற்காலத்தில் விவசாயிகள் பியூரடான் என்று சொல்லும் கார்போபியூரான் குருணை, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 65 கிலோ. சரிவில் போடும் மருந்து மழையில் எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பவானி உற்பத்தியாவதும் இந்த மலைத் தொடரில்தான்.

இனி சட்டம். ஆராய்ச்சிக்காரர் சொல்வது அரசாங்கத்தின் காதில் ஏறி அரசாணையாக வெளிவருவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம். புழு கண்டுபிடித்தது 1961. நீலகிரியில் இருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்ற தடை வந்தது 1971-ல். அழிவு செய்யும் பூச்சிகள் பற்றி 1914-ல் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட சட்டத்தின் கீழ்தான் தமிழ்நாடு அரசு இந்தத் தடையைப் போட்டது. இடையில் முழுதாகப் பத்து வருடம்.

தடை அவசியமா என்றால், அவசியம்தான். சமவெளி முழுக்கப் பரவியிருந்தால் யாரும் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று, தடை விதைக்கிழங்குக்குத்தான். சாப்பாட்டுக் கிழங்கு மூட்டை மூட்டையாக மலையிறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்க்கொண்டே இருந்தது. மண் ஒட்டிய கிழங்கு மண் ஒட்டிய கிழங்குதானே? தான் விதையா, சாம்பாருக்கா என்று அதற்கு எப்படித் தெரியும்? இரண்டாவது, நாட்டைக் காப்பாற்றுகிற சுமை ஒரு மாவட்டத்து விவசாயிகளின் தோளில் விழுந்தது. குளிர் மலையில் விளையும் விதைக்கிழங்குக்கு எப்போதும் மதிப்பு உண்டு. அந்த வியாபாரத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

இதே காலத்தில் ஜெர்மானியர்களும் வந்தார்கள். 1968-ல் தொடங்கிய இந்தோ-ஜெர்மன் நீலகிரி வளர்ச்சித் திட்டத்தில் மேற்கு ஜெர்மனி உரமும் ஆலோசகர்களும் கொடுத்தது. நீலகிரி மண் அமிலத்தன்மை கொண்டது. போடுகிற மணிச்சத்தைச் செடிக்குத் தராமல் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அந்த மண்ணில் விளைச்சலை ஏற்றுவது ஒரு திட்டம், அதே மண்ணில் புழுவை ஒழிப்பது இன்னொரு திட்டம். ஒன்று கிழங்கை அதிகம் விளைவிக்கச் சொன்னது, இன்னொன்று கிழங்கைக் குறைக்கச் சொன்னது.

சர்வதேச ஒத்துழைப்பு உண்மையிலேயே கை கொடுத்தது ரகத்தில். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. ஒரே புழு என்று நினைத்தது உண்மையில் இரண்டு இனம் என்று ரோதம்ஸ்டெட்டின் ஸ்டோன் 1973-ல் காட்டினார். ஒன்று தங்க நிறமாகிறது, இன்னொன்று வெள்ளையில் இருந்து நேரே பழுப்பாகிறது. நீலகிரி மண்ணில் இரண்டுமே உண்டு. ஒன்றை எதிர்க்கும் ரகத்தைப் போட்டால் மற்றது கொண்டாடும். பிரிட்டன், நெதர்லாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் சேர்ந்து 1977-ல் இந்தப் புழுக்களின் உட்பிரிவுகளுக்கு ஒரு பொதுவான அட்டவணை போட்டார்கள். குறிப்பிட்ட சில உருளைக்கிழங்கு வழிகளில் புழு பெருகுகிறதா இல்லையா என்று பார்த்து அதன் வகையைச் சொல்லும் முறை அது. அதில் ஒன்று, அர்ஜென்டினா மலைகளின் 'வெர்னி' என்ற காட்டு உருளைக்கிழங்கில் இருந்து நெதர்லாந்தில் உருவாக்கிய கலப்பினம்.

அதே கலப்பினத்தை இந்தியாவின் 'குஃப்ரி ஜோதி' ரகத்தோடு சேர்த்து மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் ஒரு புது ரகத்தை உண்டாக்கியது. ஊட்டி அருகே முத்தோரையில் அந்த நிறுவனத்துக்கு ஒரு நிலையம் இருக்கிறது. நீலகிரிக்கென்றே 1985-ல் வெளிவந்த அந்த ரகத்துக்குப் பெயர் 'குஃப்ரி ஸ்வர்ணா'. தங்கப் புழுவுக்கு எதிரியின் பெயரும் தங்கம்! இரண்டு இனத்தையும் எதிர்க்கக் கூடியது. ஆனாலும் விவசாயிகளும் சந்தையும் பழைய குஃப்ரி ஜோதியை விடவில்லை. வாங்குகிறவர் கேட்கிற கிழங்கைத்தானே விளைவிக்க முடியும்?

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். புழு கண்டுபிடிப்பதற்கு ஏழு வருடம் முன்பே, 1954-ல், மத்திய அரசு ஊட்டியில் மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. சரிவில் படிமட்டம் அமைப்பது, மழையில் மண் அரித்துப் போகாமல் காப்பது அதன் வேலை. புழு சொந்தமாக நகர்வது மிகக் கொஞ்ச தூரம்தான். மண்வெட்டியும் சாக்கும் மழைத் தண்ணீரும்தான் அதன் வாகனம். மேல் வயலில் இருந்து மண் வழிந்தால் கூடுகளும் கீழ் வயலுக்கு வழியும். ஆக, மண்ணைச் சரிவில் நிறுத்தி வைப்பது புழுவை நிறுத்தி வைப்பதும் கூட. படிமட்டம் கட்டச் சொன்னவர்களுக்கு ஒரு நூற்புழு ஆராய்ச்சிக்காரரை விட இதில் பங்கு குறைவில்லை.

பலர் கிழங்கையே விட்டுவிட்டுத் தேயிலைக்குப் போனார்கள். புழு மட்டும் காரணமில்லை. இலைக்கருகல், விலை, ஆள் கூலி எல்லாம் சேர்ந்தது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் 1962-ல் குந்தாவில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வந்ததும் ஒரு வசதி. பச்சைத் தேயிலை விலை 1990-களின் கடைசியில் சரிந்தபோது சிலர் மறுபடி காய்கறிக்குத் திரும்பினார்கள். அவர்கள் விட்டுப் போன மண்ணில் கூடுகள் எத்தனை மிச்சம் இருந்தன என்பது சல்லடைக்குத்தான் வெளிச்சம்.

இத்தனைக்கும் பிறகு 2018-ல் ஒரு செய்தி வந்தது. இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் மலைகளிலும் இதே புழு இருப்பது தெரிந்து, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போக மத்திய அரசு தடை போட்டது. நீலகிரியின் கதவைச் சாத்தி 47 வருடம் கழித்து! குஃப்ரி ஸ்வர்ணாவுக்கும் ஜோதிக்கும் பெயர் கொடுத்த குஃப்ரி என்ற ஊர் இருப்பதும் அதே இமாசலத்தில்தான். அங்கே இப்போது சொல்லும் வழி, விதைக்கிழங்கை சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைப்பது. மேலே ஒட்டியிருக்கும் மண்ணில் உள்ள கூடுகளைச் சாகடிக்கத்தான்.