தோட்டக் குறிப்பேடும் பேத்தியின் கணக்குப் புத்தகமும்

1767-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி, வர்ஜீனியாவில் ஷாட்வெல் என்னும் பண்ணையில் இரண்டு பாத்திகளில் பட்டாணி விதைக்கப்பட்டது. ஒன்றில் விரைந்து காய்க்கும் முந்து ரகம். மற்றதில் நடுத்தர ரகம். அப்போது 23 வயதேயான பண்ணையின் எசமானர், விதைகளில் 500-ஐ எண்ணியெடுத்து எடை பார்த்தார். ஒரு பைண்ட் படியில் ஏறத்தாழ 2500 விதைகள் பிடிக்கும் என்று கணக்கிட்டு, அதையும் குறித்து வைத்தார். அவர் பெயர் தாமஸ் ஜெஃபர்சன். பின்னாளில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவர். 1801 முதல் 1809 வரை அந்நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவராக இருந்தவர். நாம் இங்கே பேசவிருப்பது அரசியலைப் பற்றி அன்று. அந்தப் பட்டாணியைப் பற்றி.

1766-இல் தொடங்கி 1824 வரை, இடையிடையே விட்டுவிட்டாயினும், அவர் எழுதிவந்த தோட்டக் குறிப்பேடு இன்று மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. 1944-இல் எட்வின் பெட்ஸ் என்பவர் அதை விரிவான குறிப்புகளோடு பதிப்பித்தார். தோட்டக்கலையில் ஈடுபாடு இல்லாதவரையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்ன தேதியில் விதைப்பு, இன்ன தேதியில் முளைப்பு, இன்ன தேதியில் உணவு மேசைக்கு வந்தது என்று வறண்ட வரிகள்தாம். ஆனால் வறண்ட வரிகளுக்கிடையே ஒரு மனிதரின் பதற்றம் தெரிகிறது. 1809-இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் வகுத்துக்கொண்ட பட்டியலில், விதைத்த இடம், விதை, தேதி, நாற்று மாற்றிய தேதி, மேசைக்கு வந்த தேதி, தீர்ந்துபோன தேதி என்று கட்டங்கள் உண்டு. கட்டங்களில் அடிக்கடி வரும் சொல், 'பொய்த்தது' என்பதே.

ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் அறிந்த நமக்கு இந்தப் பதற்றம் சற்று அந்நியமானது. நம் கொல்லையில் அவரையும் புடலையும் மழைக்காகக் காத்திருக்கும். பனிக்கு அஞ்சி முளைக்காமலிருப்பதில்லை. வர்ஜீனியாவிலோ டிசம்பரிலிருந்து பச்சை என்பதே அரிது. உப்பிட்ட பன்றியிறைச்சி, நிலவறைக் கிழங்கு, உலர்ந்த தானியம் என்று மாதங்கள் நகரும். முதன்முதலில் தட்டுக்கு வரும் பச்சை என்பது வெறும் ருசி அன்று. பட்டாணிக்கு அங்கே தனி மதிப்பு வந்த காரணமும் இதுவே. குளிர்ந்த மண்ணிலும் அது முளைக்கும்; இளம் செடி லேசான உறைபனியைத் தாங்கும்; கோடை வெயில்தான் அதற்கு ஆகாது. எனவே எவ்வளவு முந்தி விதைக்க முடியுமோ அவ்வளவு முந்தி, பிப்ரவரியிலேயே விதைக்க வேண்டும். ஜெஃபர்சன் இறைச்சியைத் தொட்டுக்கொள்ளும் பண்டமாக மட்டுமே கொண்டு, காய்கறிகளையே முதன்மை உணவாக உண்டவர். அவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை என்றே சொல்லிவிடலாம். லெட்டூஸ் கீரையைப் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து செப்டம்பர் முதல் தேதிவரை திங்கட்கிழமைதோறும், தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் அளவு விதைக்க வேண்டும் என்பது அவருடைய விதி.

அக்கம்பக்கத்துப் பண்ணையார்களுக்குள் ஒரு பந்தயம் இருந்ததாகக் குடும்பத்தார் சொல்லிவந்தனர். வசந்தத்தில் யார் வீட்டில் பட்டாணி முதலில் காய்க்கிறதோ, அவர் மற்றவர்களை விருந்துக்கு அழைப்பார். பெரும்பாலும் வென்றவர், ஃபார்மிங்டன் பண்ணையின் ஜார்ஜ் டைவர்ஸ். ஓராண்டு ஜெஃபர்சன் தோட்டத்தில் முந்திக் காய்த்துவிட்டது. வீட்டார் விருந்தழைப்பை நினைவூட்டினர். வெளியே சொல்லாதீர்கள், தாம் தோற்பதே இல்லை என்று நண்பர் எண்ணிக்கொண்டிருப்பதே அவருக்கு மகிழ்ச்சி என்றாராம். பேரன் நினைவுகூர்ந்த இனிய கதை. எத்தனையோ நூல்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

தொடக்கத்தில் 'விதைக்கப்பட்டது' என்று எழுதினோம். அறிந்தே எழுதினோம். ஆங்கிலக் குறிப்பேட்டில் பல வரிகள் எழுவாயே இல்லாமல், வினைச்சொல்லோடு தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் அது இயல்பு. யாரும் நின்று கேட்கமாட்டார்கள். தமிழில் அப்படி எழுத முயன்றால் வினையின் விகுதி நம்மை நிறுத்திவிடுகிறது. விதைத்தேனா, விதைத்தானா, விதைத்தார்களா? ஏதேனும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தப்பிக்க நமக்குக் கிடைத்தது அந்தச் செயப்பாட்டு வினை. இக்கட்டுரைக்கான தூண்டுதலே இந்தச் சிறு இலக்கணச் சங்கடம்தான்.

விதைத்தவர்கள் யார்? ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். ஷாட்வெல் வீடு 1770-இல் எரிந்துபோனபின் அவர் குடியேறிய மாண்டிசெல்லோ மலையில், 1806 முதல் 1809 வரையிலான ஆண்டுகளில், தென்கிழக்குச் சரிவை வெட்டி 1000 அடி நீளமும் 80 அடி அகலமும் உள்ள மேடையாக்கினார்கள். கீழே கல்லால் தாங்குசுவர். வேலை செய்தவர்கள், பிற உடைமையாளரிடமிருந்து வாடகைக்குப் பிடித்த அடிமைகளும் அவருடைய அடிமைகளும். இடத்தேர்வு அபாரமானது என்பதை மறுக்க முடியாது. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்கும்; மேட்டுத் தோட்டம் பல உறைபனிகளிலிருந்து தப்பும். பகலில் வெயில் நேராக விழும். கல் அந்த வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். ஆயினும் எல்லாப் பனிக்கும் இது காப்பாகாது. மேடை வெட்டப்படுவதற்கு முன்பு, 1774 மே மாதத் தொடக்கத்தில், நீலமலைத் தொடர் பனிமூடிக் கிடக்க, அவருடைய தோட்டத்தில் ஏறத்தாழ எல்லாமே கருகிப்போயின.

அவர் மண்ணைத் தொட்டதே இல்லையா என்றால், தொட்டார். ஐசக் கிரேஞ்சர் என்ற முன்னாள் அடிமை 1847-இல் முதுமையில் சொல்லி எழுதவைத்த நினைவுகளில், எசமானர் பொழுதுபோக்காக மாலைக் குளிர்ச்சியில் அரைமணி நேரம் தோட்டத்தில் மும்முரமாக உழைப்பார் என்று வருகிறது. மாடிசன் ஹெமிங்ஸின் சாட்சியம் இன்னும் கறாரானது. இவர் ஜெஃபர்சனுக்கும் அவருடைய அடிமையான சாலி ஹெமிங்ஸுக்கும் பிறந்த மகன்; 1998-இல் வெளியான மரபணு ஆய்வுக்குப்பின் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்ட உறவு இது. 1873-இல் ஒஹையோவின் செய்தித்தாள் ஒன்றில் வெளியான தம் வரலாற்றில், தந்தைக்கு வேளாண்மையில் நாட்டம் குறைவு, அதையெல்லாம் மேற்பார்வையாளர்களிடம் விட்டுவிட்டுக் கைவினைத் தொழில்களையே விரும்பினார் என்கிறார். 58 ஆண்டுக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இதை மறுக்கத் தோன்றும். மாலை அரைமணி நேரமும் ஏட்டில் நீண்ட நேரமும் செலவிட்ட ஒருவரைப் பகல் முழுதும் மண்வெட்டி பிடித்தவர்கள் வேறு விதமாகத்தானே பார்த்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது. இரண்டாவதன் பக்கமே நாம் சாய்கிறோம்.

இனி இரண்டாவது ஏடு. ஜெஃபர்சன் குடியரசுத் தலைவராக வாஷிங்டனில் இருந்த காலம். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. சந்தையில் 37 காய்கறிகள் ஆண்டுதோறும் எந்நாள் வரத் தொடங்கி எந்நாள் நின்றன என்று எட்டாண்டுகளுக்குப் பட்டியல் போட்டார். மாண்டிசெல்லோவிலோ 1805-க்கும் 1808-க்கும் இடையே, அவருடைய பேத்தி ஆன் கேரி ராண்டால்ஃப் வீட்டுக் கணக்கு எழுதினாள். 1791-இல் பிறந்தவள், தொடங்கும்போது பதின்மூன்று பதினான்கு வயது. புதுநோட்டுக்கூட இல்லை. தாத்தா இளமையில் வழக்கறிஞராக இருந்தபோது எழுதிய வழக்குக் குறிப்புகள் அடங்கிய பழைய ஏட்டிலேயே அவளும் எழுதினாள். இன்று அது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது.

அந்தக் கணக்கில்தான் பெயர்கள் வருகின்றன. பெரிய வீட்டுக்குத் தேவையான கோழி, முட்டை, வெள்ளரி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, தர்பூசணி, கீரை ஆகியவற்றை வீட்டு அடிமைகளிடமிருந்தே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். யாரிடம், என்ன, எவ்வளவுக்கு என்று சிறுமி எழுதிவைத்தாள். ஸ்கொயர் என்பவர் பதின்மூன்று வகைப் பொருள்கள் விற்றிருக்கிறார். லெட்டூஸ், பீட்ரூட், முலாம்பழம், ஆப்பிள் எல்லாம் அவற்றில் உண்டு. இவர் ஜெஃபர்சனின் தாயிடமிருந்து வந்த அடிமை. இவருடைய மருமகன் பேக்வெல், முன்பு சொன்ன ஐசக்கின் அண்ணன், 60 பவுண்டு ஹாப்ஸ் விற்று 20 டாலர் வாங்கியதற்கும் பதிவு உண்டு. ஹாப்ஸ் என்பது பீர் வடிப்பதற்கு வேண்டிய கொடிப்பூ.

எப்போது விளைவித்தார்கள்? சூரிய உதயம் முதல் அந்திவரை எசமானர் வேலை. வாரப் பங்கீடாக வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு பெக் சோளமாவு (நம் கணக்கில் ஒன்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு), கொஞ்சம் இறைச்சி, சில உப்புமீன்கள். அதில் பச்சை என்று ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சியது இரவும் ஞாயிற்றுக்கிழமையும். குடிலைச் சுற்றியிருந்த துண்டு நிலத்தில் அந்நேரங்களில் கொத்தி, விதைத்து, தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்க வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருமாக என்று நாம் ஊகிக்கலாம். கணக்கில் ஒரு பெயர்தான் வரும்.

விற்பனைத் தேதிகளைப் பார்க்கும்போது ஒரு வியப்பு எழுகிறது. டிசம்பரிலும் பிப்ரவரியிலும் உருளைக்கிழங்கு, ஜனவரியில் வெள்ளரிக்காய், ஏப்ரலில் ஆப்பிள். இவை எதுவும் அந்தந்த மாதத்தில் காய்ப்பவை அல்ல. வெள்ளரி ஊறுகாயாக இருந்திருக்கலாம். மற்றவை சேமித்து வைத்தவை. தோட்ட மேடைக்கு நேர் மேலே மல்பெரி வரிசை என்றழைக்கப்பட்ட தெரு. அங்கே 1793-இல் கட்டிய அடிமைக் குடில்கள் சிலவற்றைப் பற்றி ஜெஃபர்சனே 1796-ஆம் ஆண்டுக் காப்பீட்டுப் பத்திரத்தில் விவரிக்கிறார்: மரச்சுவர், மரப் புகைபோக்கி, மண் தரை, 12-க்கு 14 அடி. அகழாய்வு செய்தவர்கள் அந்த மண் தரைகளின் அடியில் குழிகளைக் கண்டனர். ஒரே கூரையின்கீழ் உறவில்லாத பலர் அடைபட்டிருந்த பழைய குடில்களில் பல குழிகள்; பின்னர் வந்த, ஒரு குடும்பத்துக்கு ஒன்றான குடில்களில் ஒரே குழி. உடைமையைப் பிறர் கைபடாமல் காப்பதும் அக்குழியின் பயன், கிழங்கைக் குளிரில் காப்பதும் அதன் பயன். நம் கிராமத்து வீடுகளில் குதிரும் அடுக்குப்பானையும் செய்த வேலை அது.

முன்வசந்தம் என்பது கையிருப்பு எல்லாம் தீரும் காலம். எசமானரின் பாத்தியில் பட்டாணி இன்னும் கொழுகொம்பைப் பிடிக்காத பிப்ரவரியில், அவர் வீட்டுக்கு உருளைக்கிழங்கு விற்கும் நிலையில் ஓர் அடிமைக் குடும்பம் இருந்திருக்கிறது. டைவர்ஸின் விருந்துப் பந்தயத்தை எழுதிய யாரும் இதைப் பந்தயமாகக் கருதவில்லை. 1793-இல் மகளுக்கு எழுதிய கடிதத்தில், பூச்சித் தொல்லைக்கு மண்ணின் வறுமையே காரணம், வரும் குளிர்காலத்தில் தோட்டம் முழுதும் கனமாக எருவிட வேண்டும் என்று ஜெஃபர்சன் எழுதினார். சரியான அறிவுரை. அந்த எருவைச் சுமந்தவர்கள், தம் சொந்தத் துண்டு நிலத்துக்கு எதை எருவாக இட்டார்கள் என்பதற்கு எந்த ஏட்டிலும் இடமில்லை.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்கொயரின் பெயர் நமக்குக் கிடைத்தது அவர் நட்டதால் அன்று, விற்றதால். விற்காமல் தம் பிள்ளைகளுக்கே சமைத்துப் போட்டவரின் தோட்டம் கணக்கில் ஏறவில்லை. கணக்கைக் கொண்டு அவர்கள் ஏதோ சுதந்திர வணிகர்களாக இருந்தார்கள் என்று முடிவுகட்டுவதும் அபத்தம். விற்றவரையே ஒருநாள் விற்கலாம் என்பது அங்கே சட்டம். உணவைப் பொறுத்தவரை பாய்ச்சல் ஒருபக்கமாக மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெண்டை, தட்டைப்பயறு, எள் ஆகியவை ஆப்பிரிக்காவோடு தொடர்புடையவையாக அமெரிக்கத் தெற்கில் வேர்கொண்டன. எள்ளைத் தென் கரோலினாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகளே என்று ஜெஃபர்சனே எழுதினார். 1808-இலிருந்து அதை எண்ணெய்க்காக விளைவித்துப் பார்த்தார். எள்ளுருண்டை தின்று வளர்ந்த நமக்கு அந்த வரியில் கண் நின்றுவிடுகிறது.

ஆன் கேரி 1808-இல் மணமாகிச் சென்றாள். அவளுடைய கணக்கும் அந்த ஆண்டோடு நின்றது. மணவாழ்க்கை துயரமானது, 1826 பிப்ரவரியில் இறந்தாள். அதே ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி தாத்தாவும் இறந்தார். அவருக்குக் குழி தோண்டியவர் வார்ம்லி ஹியூஸ். பல ஆண்டுகள் மாண்டிசெல்லோவின் தலைமைத் தோட்டக்காரராக இருந்த அடிமை. நாற்றும் பூங்கிழங்கும் வந்திறங்கும்போதெல்லாம் கடிதங்களில் தலைகாட்டுபவர். ஜெஃபர்சனின் மகள் அவரை ஆவணம் ஏதுமின்றி, தன் விருப்பப்படி இருக்கலாம் என்று விட்டுவிட்டார். அவருடைய மனைவி அர்சுலா, கிரேஞ்சர் குடும்பத்துப் பெண். குடியரசுத் தலைவரின் சமையலறையில் பயிற்சி பெற்றவர். அவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ஜெஃபர்சன் விட்டுப்போன கடன் பெரிது. 130 அடிமைகளும் கால்நடைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஏலத்துக்கு என்று விளம்பரம் செய்தார்கள். 1827 ஜனவரியில், பட்டாணி விதைப்புக்கு ஒரு மாதம் முன்பாக, மலைமேல் ஐந்து நாள்கள் ஏலம் நடந்தது. அர்சுலாவும் பிள்ளைகளும் அதில் விலைபோயினர். குடில்களைச் சுற்றியிருந்த துண்டு நிலங்களில் அந்த வசந்தத்தில் யார் விதைத்தார்கள் என்று எழுத, வீட்டில் கணக்கு வைத்திருந்த சிறுமியும் இல்லை.