கட்டுமரத்துக்கு முன்னால் கடல்

போன மாதம் ஒரு பழைய குறுந்தகடு என்னிடம் திரும்பி வந்தது. அதன்மேல் நீல மார்க்கரில் ‘கடல் அகராதி, 7 ஃபாரம், ஃபைனல்’ என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. 2001-இல் தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தின் மாடியில் இருந்த டி.டி.பி. கடையில் உட்கார்ந்து எழுதியது. கொண்டுவந்தவரை அன்றும் இன்றும் நான் புலவர் ஐயா என்றுதான் கூப்பிடுகிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 84. ஊரூர் குப்பத்துக்கும் நொச்சிக்குப்பத்துக்கும் நடையாய் நடந்து, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் மீனவர்கள் வைத்திருக்கும் சொற்களைச் சேகரித்தவர். வாடை, கச்சான், வன்னி, தெண்டி என்று ஒவ்வொன்றையும் துண்டுச்சீட்டில் எழுதி, நூல் கட்டிக் கொண்டுவருவார்.

“ரெண்டாம் பதிப்பு போடலாம்னு ஒருத்தர் கேட்கிறார்மா. இதுலேர்ந்து எடுத்துத் தர முடியுமா?”

முடியும் என்றுதான் சொன்னேன். வீட்டுக் கணினிக்குள் ஒரு பழைய விண்டோஸை நிறுவி, அதற்குள் பேஜ்மேக்கரை ஏற்றி, கோப்பைத் திறந்தேன். திறந்தது. ஆனால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள். அது பாமினி எழுத்துரு. அதில் எம் அடித்தால் அ, கே அடித்தால் ம, அரைப்புள்ளி அடித்தால் மெய்யின் தலையில் ஏறும் புள்ளி, எச் அடித்தால் கால். எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். இல்லாத இடத்தில் வெறும் கிறுக்கல்.

நிரல் எழுதிப் பிழைக்க ஆரம்பித்து எனக்கு இருபத்தைந்து ஆண்டு ஆகப்போகிறது. காலையில் காப்பியோடு தொழில்நுட்பச் செய்திகளைப் படிக்கும் பழக்கமும் அதே அளவு பழையது. எந்த நிறுவனம் எதை வெளியிட்டாலும் நான் முதலில் தேடுவது, இதற்குள் தமிழ் என்னவாகச் சேமிக்கப்படுகிறது என்பதைத்தான். அந்தக் கேள்வி எனக்குப் படிப்பில் வந்ததல்ல, அந்தச் சந்து மாடியில் வந்தது.

அதற்கும் முன்னால் அம்மாவின் விரல்களில் இருந்தது என்று சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அம்மா அங்கே தமிழில் லோயரும் ஹையரும் முடித்தவர். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளியை அடித்தால் வண்டி நகராது. அதன்பின் மெய்யை அடித்தால்தான் நகரும். புள்ளி முதலில், எழுத்து பிறகு. அதற்கு நகரா விசை என்று பெயர். இதை யோசித்தவர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் உழைத்த ஆர். முத்தையா. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்கிய மனிதர். பாமினியின் விசை வரிசை அந்தப் பொறியின் வரிசைதான். அதனால்தான் டி.டி.பி. கடையில் நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே வேகமாக அடித்தேன். அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக் காட்டிக் கொடுத்திருந்தார்.

அடையாற்றுக்குத் தெற்கே ஐ.ஐ.டி.யில் 1973-இலேயே ஐ.பி.எம். 370/155 வந்துவிட்டது. ஆற்றுக்கு வடக்கே மயிலாப்பூர் அச்சகங்களில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கம்பாசிட்டர்கள் ஈய எழுத்தைக் கையால் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருந்தார்கள். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது கேஸ் பெட்டியில் பல அறைகள் காலியாயின. கொம்பு சுழித்த பழைய ணை, லை, ளை, னை எல்லாம் போயின. எழுத்துச் சீர்திருத்தத்தை நாம் மொழிக் கொள்கையாக மட்டும் பேசுகிறோம். என் தொழிலில் இருக்கிறவருக்கு அது எழுத்துகளின் எண்ணிக்கையைக் குறைத்த ஒரு பொறியியல் முடிவும்கூட. அது நடக்காமல் இருந்திருந்தால், பின்னால் வந்த 256 இட எழுத்துருக்களுக்குள் தமிழ் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்.

தியாகராய நகர் பதிப்பகங்களின் பேட்டை. தீனதயாளு தெருவில் வானதி, தணிகாசலம் சாலையில் மணிமேகலை, கண்ணதாசன் பெயரிலேயே ஒரு சாலையும் பதிப்பகமும். அவற்றைச் சுற்றி 1990களில் டி.டி.பி. கடைகள் முளைத்தன. எங்கள் கடையில் மூன்று கணினி, ஒரு லேசர் பிரிண்டர். அடித்து, புரூஃப் பார்த்து, பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் அச்சகம் பிளேட் போடும். பட்டர் கைமாறியதும் எங்கள் வேலை முடிந்தது. கோப்பு என்பது பட்டருக்குப் போகும் வழி. அதற்கென்று ஓர் ஆயுள் இருக்கும் என்று அந்தத் தெருவில் யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அப்போது தமிழ் எழுத்துரு விற்பது ஒரு தனி வியாபாரம். ஸ்ரீலிபி உண்டு, சி-டாக்கின் மென்பொருள் உண்டு, அரசு அலுவலகங்களில் வானவில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே வேறு அட்டவணை. ஒன்றில் 171-ஆம் இடத்தில் இருக்கும் எழுத்து இன்னொன்றில் வேறெங்கோ இருக்கும். சிலவற்றுக்குக் கணினியின் பின்புறம் ஒரு சின்ன ‘லாக்’ செருகினால்தான் ஓடும். எங்கள் கடையில் அது ஒருமுறை காணாமல் போய், இரண்டு நாள் வேலை நின்றது. முதலாளி அண்ணாச்சி மேசைக்கடியில் டார்ச் அடித்துத் தேடியது நினைவிருக்கிறது. ஒரு மொழியின் எழுத்தை விரல்நீளப் பிளாஸ்டிக் துண்டு பூட்டி வைத்திருக்கிறது என்பது அன்று எனக்குக் கோபமாகக்கூட உறைக்கவில்லை. தொழில் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

அதே நேரத்தில் இந்த எழுத்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள், பெரும்பாலும் வெளிநாட்டில். கனடாவில் ஸ்ரீநிவாசன் ‘ஆதமி’ எழுதினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே ‘முரசு’ தொடங்கியிருந்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ஓர் எழுத்துருவைச் செய்து எல்லாருக்கும் சும்மா கொடுத்தார். அதன் பெயர் ‘மயிலை’. 1998 பொங்கலன்று அவர் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களை வைத்துத் தட்டச்சு செய்து யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தது. கபாலி கோயில் மாட வீதியில் வளர்ந்த எனக்கு, ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்ப் பெயரில் எழுத்து வந்து இறங்கியது பெருமையாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கூட்டிய தமிழ்நெட் மாநாட்டின் தொடர்ச்சியாக, 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ நடந்தது. கருணாநிதி முதலமைச்சர், மாநாட்டை முன்னின்று நடத்தியவர் மு. ஆனந்தகிருஷ்ணன். விசைப்பலகையும் எழுத்துக் குறியீடும் ஆளுக்கொன்றாக இருப்பதை ஒரே வழிக்குக் கொண்டுவருவதுதான் பேச்சு. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, பேப்பரில் வந்ததைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, “எல்லாம் ஒண்ணாயிட்டா நமக்கு நல்லதுதானேம்மா” என்றார்.

அந்த மாநாட்டில் பிறந்த தமிழ்99 விசைப்பலகையை நான் மனதாரப் போற்றுகிறேன். இன்று இந்தக் கட்டுரையை அடிப்பதும் அதில்தான். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், ஆக 31 விசை. உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பங்கு வலக்கைக்கு. ங-வுக்கு அடுத்து க அடித்தால் ங தானாகப் புள்ளி வாங்கிக்கொள்ளும். ந-வுக்கு அடுத்து த, ம-வுக்கு அடுத்து ப என்றாலும் அப்படியே. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவது ஒற்றாகிவிடும். தமிழில் இன எழுத்துகள் எப்படிச் சேரும் என்ற இலக்கணமே விசைக்குள் இறங்கியிருக்கிறது. அம்மாவின் பொறியில் புள்ளி முதலில் வந்தது. இங்கே பாதி நேரம் புள்ளியை அடிக்கவே வேண்டாம்.

குறியீட்டில் அவ்வளவு ஒற்றுமை வரவில்லை. ஆங்கிலமும் கலந்து எழுத டேப், தமிழ் மட்டும் எழுத டேம் என இரண்டை அரசு அதே ஆண்டு ஜூனில் தரமாக அறிவித்தது. உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் பேசிப் பேசி உருவாக்கிய டிஸ்கி இன்னொரு பக்கம். எங்கள் தெருவில் கடைகள் பழைய எழுத்துருவிலேயே ஓடின. பட்டர் சரியாக வந்தால் போதும் என்பதே காரணம்.

முடிவு வேறு இடத்திலிருந்து வந்தது. யூனிக்கோடு 1991-இலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருந்தது. இந்திய அரசின் இஸ்கி குறியீட்டை ஒட்டிய ஏற்பாடு அது. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு அது சாதாரண மேசைக்கு வந்தது. பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்பது நம் இலக்கணம். யூனிக்கோடோ அகரமேறிய க-வை அடிப்படையாக வைத்து, அதன்மேல் புள்ளி வைத்தால் க் என்கிறது. தலைகீழ். 247 எழுத்துக்கும் தனியிடம் கேட்டுத்தான் டேஸ்16 உருவானது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிக்கோடைத் தரமாக ஏற்றது, டேஸ்16-ஐ மாற்றாக வைத்துக்கொண்டது. என் கருத்து ஒன்றே: இலக்கணத்துக்குக் கொஞ்சம் முரணாக இருந்தாலும், உலகம் முழுக்க ஒரே எண்ணால் அறியப்படும் எழுத்துதான் பிழைக்கும். பாமினியில் பூட்டிய புலவர் ஐயாவின் சொற்களைப் பார்த்தபின் எனக்கு இதில் தயக்கம் இல்லை.

யூனிக்கோடை மக்கள் கைக்குக் கொண்டுபோனவை சிறிய இலவசக் கருவிகள்: எ-கலப்பை, அழகி, பிறகு ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் இயங்கிய நியூ ஹொரைசன் மீடியாவின் ‘எழுதி’யும் ‘மாற்றி’யும். பதிப்பகம் நடத்தியவர்களே எழுத்துருக்களை மாற்றும் கருவியையும் கொடுத்தார்கள் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். தெருவின் நோய் தெரிந்தவர்கள் கொடுத்த மருந்து அது.

இப்போது காலைச் செய்திகளுக்கு வருகிறேன். நிரலில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டால் பெரும்பாலான மொழிகள் ஐந்து என்கின்றன. நமக்கு அது மூன்றெழுத்து. சேமிக்கும்போது 15 பைட். ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து போகும். தமிழ் என்றால் 70-தான். இப்போது எல்லாரும் பேசும் மொழி மாதிரிகளும் எழுத்தைத் துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கின்றன. பயிற்சியில் குறைவாகப் பார்த்த மொழியின் சொல் அதிகத் துண்டாகும், கட்டணமும் துண்டுக் கணக்கில் ஏறும். ஒரு மாதிரி தமிழில் கவிதை எழுதியது என்று செய்தி வந்தால், அது எந்தத் தமிழைப் படித்தது என்று கேட்கத் தோன்றுகிறது. தியாகராய நகரில் நாங்கள் அடித்துத் தள்ளிய எத்தனையோ நூல்கள் அதன் கண்ணில் எம், கே, அரைப்புள்ளிதான். வன்னியும் தெண்டியும் தெரியாத தமிழை அது நமக்கே திருப்பித் தருகிறது. இது தீராத குறை அல்ல. உட்கார்ந்து மாற்ற ஆள் வேண்டும்.

நான் உட்கார்ந்தேன். அகராதியின் உடல் பாமினி, ஒரு மாலையில் மாறிவிட்டது. தலைச்சொற்களை மட்டும் தடித்துக் காட்ட அண்ணாச்சி வேறோர் எழுத்துருவைப் போட்டிருந்தார். அதற்கு எங்கும் அட்டவணை கிடைக்கவில்லை. அச்சான புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, குறிக்குக் குறி பார்த்து, நானே ஓர் அட்டவணை எழுதினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. பிறகு சொற்களை அகரவரிசைப்படுத்தி அச்செடுத்து, அடையாறு இந்திரா நகரில் ஐயாவின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். 2001-இல் இதே வேலையைத் துண்டுச்சீட்டுகளைத் தரையில் பரப்பி நாங்கள் இருவரும் நாலு நாள் செய்தோம். இப்போது ஒரு கட்டளை.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கங்களைப் புரட்டினார். ககரத்தில் நின்றார்.

“கட்டுமரத்துக்கு முன்னாடி கடல் வந்துடுச்சேம்மா.”

பார்த்தேன். ஐயாவின் வரிசையில் ஒற்று உயிர்மெய்க்கு முன்னால் வர வேண்டும். கட்டுமரம் முதலில், கடல் பிறகு. யூனிக்கோடில் புள்ளிக்கு எல்லா எழுத்துக்கும் பின்னால் எண் கொடுத்திருக்கிறார்கள். எண் வரிசையில் அடுக்கினால் ட் கடைசிக்குப் போய்விடும். ன-வும் ந-வை ஒட்டி, ப-வுக்கு முன்னால் வந்து நிற்கும். தமிழ் வரிசைக்கென்று தனி விதி இருக்கிறது. அதை அழைக்க நான் மறந்திருந்தேன்.

“எழுத்து எல்லாம் இருக்கு இல்ல?” என்று கேட்டார்.

“இருக்கு ஐயா.”

மடிக்கணினியைத் திண்ணையிலேயே திறந்து, ஒரு வரியை மாற்றி, மறுபடி ஓட்டினேன். அவர் திரையில் ககரத்தைத் தேடி, விரலை வைத்து, கட்டுமரத்திலிருந்து கடல் வரைக்கும் ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.