அல்புஷராத்தின் மலைப்பாதைகள்

அந்தலூஸின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கர்னாத்தா நகர வாயிலிலேயே எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். அல்ஹம்ரா மாளிகையின் அழகை வியந்து, ஹிஜ்ரி 897-இல், அதாவது 1492 ஜனவரி 2-ஆம் நாள், கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் முஹம்மது நகரின் சாவியை ஒப்படைத்ததைச் சொல்லி, இரு துளிக் கண்ணீரும் சிந்தி முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நகருக்குத் தெற்கே ஒரு கணவாய் உண்டு. அங்கே நின்று மன்னர் தம் நகரைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்செறிந்தார் என்பது கதை. 'மூரின் பெருமூச்சு' என்றே ஸ்பானியர் அதற்குப் பெயரிட்டுள்ளனர். மன்னரோடு வரலாற்றாசிரியர் பலரும் அங்கேயே நின்றுவிட்டனர். நாம் அக்கணவாயைக் கடந்து, மலைக்குள் சற்றுத் தூரம் நடந்து பார்ப்போம்.

கணவாய்க்குக் கிழக்கே ஸியர்ரா நெவாதா என்னும் பனிமலை நிற்கிறது. அரபு நூலார் அதனை ஜபல் ஷுலைர் என்றனர். ஐபீரிய தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரம் அங்கேதான் உள்ளது. உயரம் ஏறத்தாழ 3,480 மீட்டர். அச்சிகரத்தின் பெயர் முலாஸேன். அபூ அப்தில்லாஹ்வின் தந்தை மௌலாய் அபுல் ஹஸன் அலீயின் பெயரே ஸ்பானியர் நாவில் அவ்வாறு திரிந்தது. இப்பனிமலையின் தென்சரிவுக்கும் மத்தியதரைக் கடலோரக் குன்றுகளுக்கும் இடைப்பட்ட நாட்டையே நம் முன்னோர் அல்புஷராத் என்றனர். இன்று அது அல்புஹார்ரா.

இன்று மலைநடையில் விருப்பமுள்ளோர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் இங்கு வருகின்றனர். தென்கோடியிலுள்ள தரீபா துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடும்பாதை ஒன்று இந்நாட்டின் ஊடே செல்கிறது. லன்ஹரோன், பம்பனெய்ரா, புபியோன், ட்ரெவேலெஸ், காதியார், யேகென், வாலோர் என ஊர் ஊராக அது ஏறி இறங்குகிறது. பனிமலை முழுவதையும் வலம் வரும் மற்றொரு பாதை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுடையது. அதற்கு 'சுலைர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் நாடு கடத்தப்பட்ட ஓர் அரபுப் பெயரை, மரப்பலகையில் எழுதி வழிகாட்டக் கம்பத்தில் மாட்டியிருக்கிறார்கள்!

பாதைகள் சீமைக்கருவாலிக் காடுகளையும், செஸ்ட்நட் தோப்புகளையும், வாதுமை, அத்தி மரங்கள் நிற்கும் படிநிலங்களையும் கடந்து செல்கின்றன. போக்கெய்ரா பள்ளத்தாக்கில் பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என மூன்று சிற்றூர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மலைச்சரிவில் அமைந்திருக்கின்றன. அங்கே வீடுகளுக்கு ஓட்டுக் கூரை கிடையாது. கல்லும் மரமும் பரப்பி, 'லௌனா' என்னும் சாம்பல்நிறக் களிமண்ணை மேலே கொட்டி இறுக்கிய தட்டையான தளங்களே உள்ளன. கடலுக்கு அப்பால், மொராக்கோவின் அட்லஸ் மலையில் பர்பர் மக்கள் கட்டும் வீடுகளைக் கண்டவர்களுக்கு இவை அயலானவையாகத் தோன்றா. 1982-இல் இப்பள்ளத்தாக்கு பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இம்மலையில் நடப்பவர் சிறிது நேரத்திலேயே ஒன்றைக் கவனிப்பார். அவருடைய பாதைக்கு அருகில் எங்கேனும் ஒரு சிறு நீரோடை கூடவே வந்துகொண்டிருக்கும். அது இயற்கை ஓடையன்று. மலையின் விலாவில் கையால் வெட்டப்பட்ட வாய்க்கால். பாதைகளிற் சில, அவ்வாய்க்காலைக் காக்கவும் தூர் எடுக்கவும் சென்ற உழவரின் காலடியால் உண்டானவை. வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் 'அஸேக்கியா' என்று பெயர். நம் மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அதற்குள் 'அஸ்ஸாகியா' ஒளிந்திருப்பதைக் கண்டுகொள்வான். குளம் 'அல்பெர்கா', அது நம் அல்பிர்கா. நீர்த்தொட்டி 'அல்ஹிபே', அது அல்ஜுப்பு. அணை 'அஸூத்', அது அஸ்ஸுத்து. சிற்றூர் 'அல்கெரியா', அது அல்கர்யா. நீரையும் ஊரையும் பற்றிப் பேச வேண்டுமாயின் இன்றும் ஸ்பானியர் அரபுச் சொற்களைத் தவிர்க்க இயலாது.

இவ்வாய்க்கால் முறையில் உள்ள ஒரு நுட்பம் இன்றைய நீரியல் அறிஞரையும் வியக்க வைக்கிறது. வேனிற்காலத் தொடக்கத்தில் பனி உருகும்போது நீர் ஒரேயடியாகப் பெருகி ஓடிக் கடலிற் கலந்துவிடும். கோடையில் பயிருக்கு நீர் வேண்டும்போது ஆறு வற்றிவிடும். அணை கட்டித் தேக்க வசதியில்லாத அக்காலத்தில், உழவர்கள் மலையையே நீர்த்தேக்கமாக்கினர். உருகும் பனிநீரை மலையின் உயரத்திலேயே வாய்க்கால்களில் திருப்பி, நீரை உறிஞ்சும் மண்ணும் பிளவுபட்ட பாறையும் உள்ள இடங்களில் பாயவிட்டனர். நீர் மண்ணுக்குள் இறங்கி, பல வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துக் கீழே உள்ள ஊர்களின் ஊற்றுகளில் வெளிப்பட்டது. மேலே வசந்தத்தில் விட்ட நீரைக் கீழே கோடையில் எடுத்துக்கொண்டனர். 'கரேயோ' எனப்படும் இம்முறை இன்றும் நடைமுறையில் உள்ளது.

இத்தகைய நாட்டை உருவாக்கிய மக்கள் என்ன ஆனார்கள் என்பதே நாம் அறிய வேண்டுவது.

கர்னாத்தாவை ஒப்படைத்தபோது செய்துகொண்ட உடன்படிக்கை, முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் பள்ளிவாசல்களுக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு அளித்திருந்தது. மன்னருக்கு அல்புஷராத்தில் நிலம் தரப்பட்டது. அவர் அந்தரஷ் ஊரில் சிறிது காலம் வாழ்ந்து, 1493-இல் துணைவியார் மறைந்தபின் அதே ஆண்டு மொராக்கோவுக்குக் கப்பலேறினார். மன்னர் போகலாம், உழவன் தன் அத்திமரத்தை விட்டு எங்கே போவான்? மக்கள் தங்கினர்.

உடன்படிக்கை எட்டாண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1499-இல் கர்னாத்தாவில் கட்டாய மதமாற்றம் தொடங்க, நகரும் மலைநாடும் கிளர்ந்தெழுந்தன. கிளர்ச்சி படைகொண்டு அடக்கப்பட்டது. அந்தரஷ் பகுதியில் மக்கள் அடைக்கலம் புகுந்திருந்த பள்ளிவாசலே வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. 1501-இல் கர்னாத்தா நாட்டு முஸ்லிம்கள் அனைவரும் பெயரளவில் கிறித்தவராக்கப்பட்டு, 'மொரிஸ்கோ' என்று அழைக்கப்படலாயினர்.

1567 ஜனவரியில் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை வெளியிடப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் அரபு மொழியைப் பேசுவதும் எழுதுவதும் அறவே ஒழிய வேண்டும். மரபு உடை கூடாது. பெண்கள் முகத்திரை அணியலாகாது. குளியல் கூடங்கள் மூடப்பட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும். இவ்வாணையை எதிர்த்து பிரான்ஸிஸ்கோ நூன்யெஸ் முலே என்னும் முதியவர் கர்னாத்தாவின் உயர் மன்றத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அவர் வாதம் நிதானமானது. உடை என்பது நாட்டு வழக்கே அன்றி மார்க்கம் அன்று; கீழ்த்திசைக் கிறித்தவர்களும் மால்ட்டாத் தீவினரும் அரபு பேசியும் கிறித்தவராகவே இருக்கின்றனர்; எங்கள் நிலப் பத்திரங்கள் அரபில் உள்ளன; முதுமையில் புதுமொழி கற்க எம்மவரால் ஆகாது என்று அவர் எடுத்துரைத்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

மொழியை இழப்பதன் வேதனையை நாம் உணர்வது எளிது. காஸ்டில், அரகோன் நாடுகளில் அரபுப் பேச்சை இழந்துவிட்ட மொரிஸ்கோக்கள், ஸ்பானிய மொழியையே அரபு எழுத்தில் எழுதித் தம் மார்க்க நூல்களைக் காத்தனர். தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்னும் பெரும் நூற்செல்வத்தை நமக்கு வைத்துச் சென்ற ஆலிம்கள் நம் முன்னோரிலும் உண்டல்லவா? அவர்கள் அதை அச்சமின்றி எழுதினர். அந்தலூஸில் எழுதியவரோ சுவருக்குள் மறைத்து வைக்க நேர்ந்தது. அல்புஷராத்துக்கு மேற்கே, மாலகா மலைப்பகுதியின் கூத்தார் என்னும் சிற்றூரில் 2003-இல் பழைய வீடொன்றைப் புதுப்பித்தபோது, சுவரின் உட்புறத்தில் ஒரு கையெழுத்துக் குர்ஆனும் வேறு அரபுச் சுவடிகளும் கிடைத்தன. மறைத்தவர் திரும்பி வந்து எடுக்கவே இல்லை.

1568 டிசம்பர் இறுதியில் அல்புஷராத் மீண்டும் கிளர்ந்தது. வாலோர் ஊர்க் குடும்பத்து இளைஞர் ஒருவர் இப்னு உமையா என்ற பெயருடன் மன்னராக்கப்பட்டார். நடுநிலையோடு எழுதும் எவரும் இக்கிளர்ச்சியில் ஊர்ப் பாதிரிமார்களும் பிற கிறித்தவர்களும் கொடுமையாகக் கொல்லப்பட்டதை மறைக்கலாகாது. அது இஸ்லாம் அனுமதிக்காத செயல். அரச படைகளும் ஊர்களைச் சூறையாடி, பெண்களையும் சிறுவர்களையும் அடிமைகளாக விற்றன. இப்னு உமையா 1569-இல் தம்மவராலேயே கொல்லப்பட்டார். 1571-இல் போர் ஓய்ந்தது. அதற்கு முன்பே, 1570 நவம்பரில், கர்னாத்தா நாட்டு மொரிஸ்கோக்களை ஊர் ஊராகத் திரட்டி, குளிரிலும் மழையிலும் நடத்தியே வடக்கே கொண்டுசென்றனர். தொகை ஐம்பதினாயிரத்துக்கும் மேல். வழியிலேயே பலர் மடிந்தனர். இன்று மலைநடையினர் மகிழ்ந்து நடக்கும் பாதைகளிற் சிலவேனும் அன்று அவர்கள் அழுதுகொண்டு இறங்கிய பாதைகளாக இருக்கும். 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள் கடல் கடந்து துரத்தப்பட்டனர்.

வெறுமையான ஊர்களில் கலீஸியா, அஸ்தூரியாஸ், லியோன், காஸ்டில் முதலிய பகுதிகளிலிருந்து குடிகளை அழைத்துவந்து அமர்த்தினர். பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஏறத்தாழ 270 ஊர்களில் குடியேறின. அரசாங்கத்தார் ஒவ்வோர் ஊரின் நிலத்தையும் மரத்தையும் நீர்ப்பங்கையும் அளந்து ஏடுகளில் பதிந்தனர். எந்த நிலம் எவருடையது, எந்த நீர் எந்த நாளில் எங்கே பாயும் என்று அறிந்தவர் யார்? துரத்தப்பட்டவர்களே. ஆகவே நாட்டறிவுடைய மொரிஸ்கோக்கள் சிலரை அவ்வளவைக்கு உதவ நிறுத்திவைத்தனர். ஊருக்கு இரண்டு மொரிஸ்கோக் குடும்பங்கள் நீர்முறையைக் கற்பிப்பதற்காக விடப்பட்டன என்னும் செவிவழிச் செய்தியும் அங்கே வழங்குகிறது. மூர்களின் காலத்தில் நடந்தபடியே நீர் பங்கிடப்பட வேண்டும் என்பதே விதியாயிற்று. மொழியைத் தடை செய்தவர்கள் நீர்முறையைத் தடை செய்ய இயலவில்லை. செய்திருந்தால் அவர்களே பட்டினி கிடந்திருப்பர்.

இங்கே ஒரு சொல்லைக் கருத வேண்டும். அரபில் 'தவ்லத்' என்பதற்கு ஆட்சி என்று பொருள் கூறுகிறோம். அதன் வேரில் உள்ள பொருள் கைமாறுவது, முறை வைத்துச் சுழல்வது என்பதாகும். நாட்களை மக்களிடையே மாறி மாறி வரச் செய்வதாக ஆலு இம்ரான் அத்தியாயத்தில் இறைவன் கூறுவதும் இவ்வேர்ச்சொல்லாலேயே. அதே தவ்லத், ஸ்பானிய மொழிக்குள் 'தூலா' என்று புகுந்தது. அங்கே அதன் பொருள் என்ன தெரியுமா? ஒரே வாய்க்காலின் நீரை முறைவைத்துப் பெறும் நிலப்பகுதி. கர்னாத்தாவின் தவ்லத் 1492-இல் கைமாறியது. உழவனின் தவ்லத்தோ கைமாறுவதற்கென்றே ஏற்பட்டது. ஆகையால் அது அழியவில்லை.

அதற்கும் இக்காலத்தில் ஆபத்து வந்தது. இருபதாம் நூற்றாண்டில் மலையூர் இளைஞர்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றனர். தூர் எடுக்க ஆளின்றி வாய்க்கால்கள் பல மண்மூடின. வாய்க்கால் வற்றினால் அதன் கசிவை நம்பி நின்ற மரங்கள் காய்ந்தன; படிநிலங்கள் சரிந்தன. 2014 முதல் கர்னாத்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஊர் உழவர்களையும் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொண்டு, மண்வெட்டியோடு மலையேறி, கைவிடப்பட்ட வாய்க்கால்களை மீண்டும் திறந்து வருகின்றனர். நம் ஊர்களில் முன்பு நடந்த குடிமராமத்தை இது நினைவூட்டுகிறது.

மரம் ஒன்றை நட்டவருக்கு, அதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பதெல்லாம் தர்மமாக எழுதப்படும் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் சிறுவயதிலேயே ஓதியிருக்கிறோம். உண்பவர் எந்த மார்க்கத்தார், நட்டவருக்கு நண்பரா பகைவரா என்று அந்நபிமொழி கேட்கவில்லை. அல்புஷராத்தில் நட்டவரின் மக்கள் துரத்தப்பட்டனர். துரத்தியவரின் மக்கள் உண்டனர். இன்று வழிநடை வருவோரும் அம்மரநிழலில் அமர்ந்து அவ்வாய்க்கால் நீரில் முகம் கழுவிச் செல்கின்றனர். அந்த உழவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. கணக்கோ இறைவனிடம் இருக்கிறது.

ஆகவே அந்தலூஸை எண்ணும்போது அல்ஹம்ராவுக்காகப் பெருமூச்சு விடுவதோடு நாம் நின்றுவிட வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு அரசர்களின் பெயர்களோடு வாய்க்கால் வெட்டியவர்களின் வரலாற்றையும் சொல்லிக்கொடுப்போம். நம் ஊரில் முன்னோர் வெட்டிய கிணறும், பள்ளிவாசல் ஹவ்ளும், வழிப்போக்கருக்காக வைத்த தண்ணீர்ப் பந்தலும் எந்நிலையில் உள்ளன என்று ஒருமுறை சென்று பார்த்து வருவோம். தூர்ந்திருந்தால், மண்வெட்டி எடுக்க வேண்டிய முறை இப்போது நம்முடையது.